வலப்பக்கத்துக் கணக்கு

சரியாகத் தீர்க்கக்கூடிய குவாண்டம் தொகுதிகளைத் தேடுவதிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் போனது. இதை வெள்ளவத்தையில் ஒருவருக்கும் என்னால் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரியான அக்கா, "தீர்க்கேலாத கணக்கெண்டால் ஏன் தம்பி அதைக் கையிலை எடுக்கிறியள்" என்று கேட்பார். தீர்க்கக்கூடியதைத்தான் அக்கா தேடுகிறேன் என்றால், "அப்ப தீர்த்துப்போட்டு எழும்புங்கோவன், மேசை வேணும்" என்பார். இரண்டுமே நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது.

விஷயம் இவ்வளவுதான். அணுவளவில் நடப்பவற்றுக்குச் சமன்பாடு எழுதுவது சுலபம், தீர்ப்பது கஷ்டம். கிட்டத்தட்டச் சரியான விடை கிடைத்தாலே உலகம் திருப்திப்பட்டுக்கொள்ளும். மிகச் சில தொகுதிகள் மட்டும் முழு விடையையும் மிச்சமில்லாமல் தந்துவிடும். அப்படி ஒன்றை நானும் என் நண்பன் ஒருவனும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். நினைத்தால் போதாது, நிறுவ வேண்டும். நிறுவலில் ஒரு பாதி என்னிடமும் மறு பாதி அவனிடமும் இருந்தன. நான் கொழும்பில், அவன் யாழ்ப்பாணத்தில். நடுவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் நான் கொழும்பிலேயே விரிவுரையாளராக ஒட்டிக்கொண்டேன், அவன் ஊருக்குப் போய் அங்கே விரிவுரையாளரானான். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ஒருத்தியைக் கலியாணம் செய்தான். பாதை திறந்திருந்த காலத்தில் அவர்கள் வீட்டில் இரண்டு கிழமை தங்கியிருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் அவன் செய்த கணக்குகளை அவள் எடுத்து வைத்து, நீலப் பென்சிலால் வரிக்கு வரி சரி போடுவாள். குவாண்டம் தனக்குத் தெரியாது, ஆனால் பெருக்கல் பிழைத்தால் கண்ணில் குத்தும் என்பாள். ஒரு தடவை என் கணக்கிலும் ஒரு பிழை பிடித்தாள். நான் அதை அவ்வளவு பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணக்கைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். மூன்று துணிக்கைகள் ஒரே கோட்டில் வருகின்றன. இரண்டு சந்தித்தால் ஒன்றையொன்று தாண்டிப் போகும். மூன்றும் தங்கள் வரிசையை முற்றாகத் தலைகீழாக்க வேண்டுமென்றால் மூன்று சந்திப்புகள் நடக்க வேண்டும். அந்தச் சந்திப்புகளை இரண்டு விதமான ஒழுங்கில் நடத்தலாம். எந்த ஒழுங்கில் நடத்தினாலும் ஒரே விடை வந்தால் அந்தத் தொகுதி முழுசாகத் தீரும். வராவிட்டால் தீராது, அவ்வளவுதான். ஒரு ஒழுங்கு சமன்பாட்டின் இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். எங்கள் தொகுதியில் சரிபார்க்க எழுநூற்று இருபத்தொன்பது உறுப்புகள் இருந்தன. பெரும்பாலானவை தாமாகவே பூச்சியமாகிவிடும். மிச்சமாக நூற்றுச் சொச்சம் கையால் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் துறையில் இருந்த ஒரேயொரு கணனி, மின்சாரம் இருக்கும் நேரத்தில் சம்பளப் பட்டியல் அடிக்கத்தான் பயன்பட்டது.

இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டோம். ஒருவன் செய்ததை மற்றவன் பார்த்துச் செய்வதில்லை; பிழை தொற்றிவிடும். செய்து முடித்ததை அனுப்புவோம், கிடைத்ததும் தன் பக்கத்தோடு ஒத்துப் பார்ப்போம். அவன் மேசையும் என் மேசையும் ஒரே கட்டடத்தில் இருந்திருந்தால் ஆறு மாத வேலை. எங்களுக்கு அது ஐந்தாவது வருடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

தபால் அப்படி. கப்பலில் வந்தால் ஆறு கிழமை, வவுனியா வழியாக யாரோ ஒருவரின் உடுப்புப் பைக்குள் வந்தால் மூன்று கிழமை, வராவிட்டால் வராது. அதனால் அவரவர் கடிதங்களுக்குத் தனித்தனி இலக்கம் போட்டோம். பன்னிரண்டு வந்து ஒரு மாதம் கழித்துப் பத்து வரும். சில உறைகள் பிரித்து ஒட்டியபடி வரும். ஒரு கடிதத்தில், ஒரு நீளமான சமன்பாட்டுக்குப் பக்கத்தில், பரிசோதித்த யாரோ சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்த வரியில் உண்மையாகவே ஒரு பிழை இருந்தது.

பிரித்தவர்கள் மீது எனக்கு வந்த கோபத்தைவிட என் நண்பன் மீது வந்த கோபம் பெரிது. வடக்குக்குப் போகத் தடை செய்யப்பட்ட பொருட்களோடு கடதாசியும் தட்டுப்பாடாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அதற்காக ஒரு மனிதன் எதில்தான் எழுதுவது என்று கணக்கில்லையா? ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் போதும், அது அவனுக்குக் கடதாசி. பிள்ளைகளின் பழைய விடைத்தாளின் பின்புறம், நிவாரண விண்ணப்பத்தின் பின்புறம், கோயில் திருவிழா நோட்டீஸின் பின்புறம், ஒரு தடவை நாட்காட்டியில் கிழித்த ஒரு முழு ஆவணி மாதம். அதில் கடுகளவு எழுத்தில், ஓரமும் விடாமல், இடைவெளியும் விடாமல் எழுதுவான். அதை வாசிப்பதற்கென்றே புறக்கோட்டையில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். முன்புறத்தில் என்ன இருக்கிறதென்று ஆரம்பத்தில் பார்ப்பேன். ஒரு பிள்ளை ஒளிமுறிவைப் பற்றி எழுதிப் பதினாறு புள்ளி வாங்கியிருந்ததைப் பார்த்த பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

இன்னொரு தொல்லை, அவன் கதை. அரைப் பக்கம் ஊர்ப் புதினம் எழுதாமல் அவனுக்குக் கணக்குக்குள் இறங்க வராது. சவர்க்காரம் என்ன விலை, யார் வீட்டு ஓடு போனது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி எப்படி ரேடியோ கேட்கிறார்கள், அவள் வகுப்பைப் பதுங்கு குழிக்குப் பக்கத்தில் மாமரத்துக்குக் கீழே நடத்துகிறாள், இப்படி. நான் பூதக்கண்ணாடியோடு அரை மணித்தியாலம் மினக்கெட்டு, சவர்க்காரத்தைத் தாண்டி, சமன்பாட்டுக்கு வரும்போது கடதாசி முடிந்துவிடும். ஒன்பதாவது கடிதத்தில் நான் பொறுமை இழந்து ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் சுகம் விசாரிப்பும் வேண்டாம், ஊர்ப் புதினமும் வேண்டாம். ஒரு கடிதத்துக்கு ஒரு தாள், அதில் கணக்கு மட்டும். நானும் அப்படியே எழுதுவேன்.

"சரி மச்சான், உன்ரை சட்டம்" என்று ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே கணக்கை எழுதியிருந்தான். அதற்குப் பிறகு ஒரு தரமும் அந்தச் சட்டத்தை மீறவில்லை.

என் பக்கத்துச் சங்கடங்களையும் சொல்லாவிட்டால் அநியாயம். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் அந்த வீடு. எனக்கு ஒரு அறையும், விறாந்தையில் இருந்த மேசையில் அரைப்பங்கும். மற்ற அரைப்பங்கு, வெளிநாடு போகக் காத்திருப்பவர்களுக்கு. அக்காவின் சொந்தக்காரர்கள் வருவார்கள், அவர்களின் சொந்தக்காரர்கள் வருவார்கள், ஆறு மாதம் இருப்பார்கள், ஒரு நாள் சூட்கேசோடு காணாமல் போவார்கள். எல்லோருக்கும் ஆங்கிலத்தில் விண்ணப்பம் நிரப்ப வேண்டும். "சேருக்கு இது ஐஞ்சு நிமிச வேலை" என்பார்கள். நாற்பத்தெட்டாவது உறுப்பின் நடுவில் நிற்பேன், ஒருவர் வந்து தன் தாயின் கன்னிப்பெயரை எந்தப் பெட்டிக்குள் எழுதுவது என்று கேட்பார். விடியற்காலையில் ஒழுங்கையை மறித்துச் சோதனை வைத்தால், எல்லோருக்கும் சிங்களத்தில் கதைத்துச் சொல்ல நான்தான். பொலிஸ் பதிவுத்துண்டைக் கையில் பிடித்தபடி சாரத்தோடு வீதியில் இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தால், எந்தக் குறியோடு விட்டேன் என்பதே மறந்துபோயிருக்கும்.

அந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் கழுத்துக்கு வந்திருந்தது. ஒரு நல்ல சஞ்சிகையில் கட்டுரை வராவிட்டால் அவனுடைய நியமனம் உறுதியாகாது. எனக்குப் பதவியுயர்வு அதிலேயே தொங்கியது. வெளிநாட்டில் ஒரு குழு இதே தொகுதியைப் பிடித்துவிட்டது என்ற கதையும் காதில் விழுந்தது. அவர்களுக்குக் கணனி இருந்தது, தபால் இருந்தது, மேசை முழுவதும் இருந்திருக்கும்.

இந்த நேரம் பார்த்துப் பதினேழாவது கடிதம் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், இரண்டரை மாதம். கப்பலில் வந்த மற்றவர்களின் கடிதங்கள் எல்லாம் வந்தன. அக்காவுக்கு அவருடைய மச்சாள் பனம்பழப் பினாட்டு அனுப்பியிருந்தார், அது வந்து சேர்ந்தது. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. கடைசியில் வந்தபோது, ஒரு பழுப்பு நிற மெல்லிய தாள். வழக்கத்தைவிட நெருக்கமான எழுத்து. முப்பத்தொரு வரி. ஒத்துப் பார்த்தேன். இருபத்துமூன்றாவது வரியில் குறி மாறியிருந்தது. என்னுடையது சய, அவனுடையது சக. கழித்தல் வர வேண்டிய இடத்தில் கூட்டல். ஐந்து வருட வேலை அந்த ஒரு குறியில் நின்றது, ஏனென்றால் ஓர் இடத்தில் ஒத்துவராவிட்டாலும் எங்கள் தொகுதி தீராது.

பதில் கடிதத்தை நான் அன்றைக்கே எழுதினேன். என்ன எழுதினேன் என்பது எனக்கு இன்றும் பாடம். "இருபத்துமூன்றில் குறி பிழை. என்னுடையதை இரண்டு தரம் பார்த்துவிட்டேன். சரிபார்க்காமல் அனுப்பாதே. இரண்டரை மாதத் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டாம், அந்த இடத்தில் கணக்கை எழுது."

அவன் காரணம் எழுதவில்லை. தன் பதினெட்டாவது கடிதத்தில் இருபத்துமூன்றாவது வரியைத் திரும்பச் செய்து அதே சக குறியோடு அனுப்பியிருந்தான். பிடிவாதக்காரன், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆனால் அதற்குப் பிறகு கடிதங்கள் ஒழுங்காக வரத் தொடங்கின. மாதத்துக்கு இரண்டு, சில மாதங்களில் மூன்று. ஐந்து வருடத்தில் செய்யாத வேகத்தில் வலப்பக்கம் நகர்ந்தது. நான் ஏசினது வேலை செய்திருக்கிறது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். அதை அக்காவிடம் வாய்விட்டும் சொன்னேன்.

பிறகு சண்டை யாழ்ப்பாணத்துக்கே வந்தது. சனம் வெளிக்கிடப்போகிறது என்று கதை வரத் தொடங்கியபோது, ஊருக்குத் திரும்பிப் போகும் ஒருவரைப் பிடித்து அவரிடம் இரண்டு வரி கொடுத்தனுப்பினேன். "எது நடந்தாலும் வலப்பக்கத்தை விட்டுவிட்டு வராதே. அது உன் கையோடு வரட்டும்." அது அவன் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எத்தனையோ நல்ல கடிதங்களைத் தொலைத்த தபால், இதை மட்டும் ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்தது.

ஊர் முழுவதும் மழையில் ஒரே வீதியால் நடந்து வெளியேறியது. அதற்குப் பிறகு நாலு மாதம் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவனுக்காகப் பயந்தேனா கணக்குக்காகப் பயந்தேனா என்று கேட்டால், இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை என்பதுதான் உண்மை.

ஒரு காலை அக்காவின் வீட்டுத் தொலைபேசியில் அவன் குரல். "மச்சான், நான் கொட்டாஞ்சேனையிலை நிக்கிறன். தனியத்தான் வந்தனான்." வவுனியா முகாமில் இருந்து அனுமதி எடுத்து வந்து, ஒரு லொட்ஜில் தங்கியிருப்பதாகச் சொன்னான். பொலிஸ் பதிவு முடியும்வரை வெளியே இறங்கப் பயம், நீ வா என்றான். தனிய என்றால், அவன் மனைவி பின்னால் அனுமதிக்குக் காத்திருக்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். அந்த நாட்களில் குடும்பத்தில் முதலில் ஒருவருக்குத்தான் துண்டு கிடைக்கும், மற்றவர்கள் நாள் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். யார் யார் பின்னால் நிற்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்பது அவ்வளவு நல்லதுமில்லை. பதினைந்து பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு மணித்தியாலத்தில் போகலாம். அன்றைக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். இராணுவத்துப் பெடியன் என் பைக்குள் இருந்த இடப்பக்கக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, "மே மொனவத?" என்று கேட்டான். இது என்ன என்கிறான். கணக்கு என்றேன். "ஒக்கோம கணக்கா?" என்றான், தமிழும் சிங்களமுமாக. எல்லாம் கணக்குத்தான் என்றேன். பாவம் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் பையைத் திருப்பித் தந்தான்.

லொட்ஜ், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு கத்தோலிக்கத் தமிழருடையது. வாசலில் மாதா சொரூபம், அதற்குப் பின்னால் ஒரு நீண்ட அறை, ஆறு கட்டில். என் நண்பன் மூன்றாவது கட்டிலில் இருந்தான். நன்றாக மெலிந்து, தாடி நரைத்துப் போயிருந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு என் வாயில் இருந்து வந்த முதல் கேள்வி, "வலப்பக்கம் வந்திட்டுதா?"

கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்தான். அதற்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று. நனையாமல் ஒரு கட்டுத் தாள். "ஒரு பைதான் கொண்டு வரலாம் மச்சான். ரெண்டு நாளிலை திரும்பிப் போகலாம் எண்டுதான் எல்லாரும் நினைச்சது. உன்ரை துண்டு வந்து கிடந்தது, அதாலை இதைத்தான் தூக்கினனான்."

நான் அங்கேயே தாள்களைப் புரட்டத் தொடங்கிவிட்டேன். கடைசி உறுப்புவரை முடித்திருந்தான். மற்றக் கட்டில்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தணித்து, "உனக்கு ஒண்டு சொல்லவேணும்" என்றான். "அந்த நேரம் எல்லாரும் வந்து அதைத்தான் கதைச்சவை. எழுதினாலும் அதைத்தான் எழுதினவை. நீ மட்டும்தான் அதைப்பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், குறி பிழை எண்டு ஏசி எழுதினாய். அதை வாசிச்சாப் பிறகுதான் நான் திரும்ப மேசையிலை இருந்தனான். இல்லாட்டி நான் இருந்திருக்க மாட்டன்."

எதைப்பற்றி என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஊர் நிலைமையைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். "அதுக்கென்ன மச்சான்" என்றுகூடச் சொன்னேன். அவன் கண் கலங்கியது. களைப்பு என்று நினைத்தேன். பஸ் நிற்கப்போகிறது, நாளை மறுநாள் வருகிறேன் என்று சொல்லி, கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் விரிவுரை இல்லை. மேசையில் பாதியை நிரப்பிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி அனுப்பிவிட்டு, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் முதலில் இருந்து ஒத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின. பின்னேரம் நாலு மணிக்கு மிச்சமாக நின்றது அந்த இருபத்துமூன்றாவது வரி மட்டும்தான். அவனுடைய ஒவ்வொரு படியையும் பார்க்க வேண்டும் என்று பழைய கடிதக் கோவையில் இருந்து பதினேழாவது கடிதத்தை எடுத்தேன். மை மங்கியிருந்தது. பூதக்கண்ணாடியாலும் முடியாமல் தாளை யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். சமன்பாடுகளுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு சட்டமும் அதற்குள் ஒரு முகமும் தெரிந்தன.

திருப்பினேன். அந்தியேட்டி அழைப்பு. முப்பத்தோராம் நாள் கிரியைக்கும் வீட்டுக்கிருத்தியத்துக்கும் வரும்படி, கணவன் என்று என் நண்பனின் பெயர் போட்டு அச்சடித்தது. அடையாள அட்டைப் படத்தில் இருந்து செய்த அச்சு, மை ஊறிக் கலங்கியிருந்தது. ஆனாலும் அவள்தான். அந்த இரண்டரை மாதம் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சுகம் விசாரிப்பு வேண்டாம், கணக்கு மட்டும் என்று நான் போட்ட சட்டத்தை மீறாமல், எனக்குச் சொல்ல அவனுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். அழைப்பை எடுத்து அதன் பின்புறத்தில் கணக்கை எழுதி அனுப்பியிருக்கிறான். நான் பின்புறத்தை மட்டும் வாசித்து, சரிபார்க்காமல் அனுப்பாதே என்று எழுதினேன்.

கோவையை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினேன். பதினாறுவரை ஒவ்வொரு வரியின் மேலும் அவளுடைய நீலப் பென்சில் சரி இருந்தது. பதினேழில் இருந்து இல்லை. ஒரு வருடமாக அந்தத் தாள்களை வைத்துத்தான் வேலை செய்தேன். குறி மாறியதைக் கண்ட எனக்கு, அந்தச் சரிகள் நின்றுபோனது கண்ணில் படவில்லை. என் மீது எனக்கு வந்த ஆத்திரத்தில் பூதக்கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அது உடையக்கூட இல்லை.

சத்தம் கேட்டு அக்கா வந்தார். தாளை எட்டிப் பார்த்து, "ஆர் தம்பி இது" என்றார். என்ரை கூட்டாளியின் மனுசி என்றேன். "எப்ப செத்தது?" ஒரு வருசமாகுது அக்கா என்றேன். "நீங்கள் ஒரு வாய் சொல்லேல்லையே. எங்கள் ஆருக்கும் தெரியாதே" என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்து என் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தார். அன்றைக்கு ஒருவரையும் விண்ணப்பம் நிரப்ப அனுப்பவில்லை.

இருபத்துமூன்றாவது வரியையும் சொல்லிவிடுகிறேன். அன்று மாலையே கண்டுபிடித்தேன். பிழை என்னுடையது. இடப்பக்கத்தில், ஒழுங்கையில் சோதனை நடந்த ஏதோ ஒரு நாளாக இருக்கும், ஒரு குறியை விட்டுவிட்டேன். இரண்டு தரம் பார்த்தபோதும் அதே இடத்தில் விட்டிருக்கிறேன். அதைத் திருத்தியதும் இரண்டு பக்கமும் ஒன்றாகின. தொகுதி முழுசாகத் தீர்ந்தது. கட்டுரை எங்கள் இருவர் பெயரிலும் வந்தது, எனக்குப் பதவியுயர்வும் வந்தது. என் உத்தியோகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கட்டுரையைத்தான் பேசுகிறார்கள்.

தாளைத் திருப்பிப் பார்த்ததற்கு அடுத்த நாள் காலையில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். போகும் வழியில், சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். நான் வேண்டுமென்றே அவனுடைய துக்கத்தைத் தொடாமல் விட்டேன் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். அந்த நம்பிக்கையில்தான் ஒரு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறான். அதை ஏன் பிடுங்க வேண்டும்? ஆனால் அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. இதிலும் நான் யோசித்தது என்னைப் பற்றித்தான்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். "மச்சான், நான் அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கேல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது. முந்தநாள் நீ சொல்லேக்கையும் எனக்கு விளங்கேல்லை. நேற்றுப் பின்னேரம்தான் பார்த்தனான்."

அவன் ஏசுவான் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நல்லது. "மலேரியா" என்றான். "மூண்டு நாள். குளிசை கிடைக்கேல்லை." பிறகு, "அந்தத் தாளை வைச்சிருக்கிறியா?" என்று கேட்டான்.

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, படம் இருந்த பக்கத்தைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டான். "என்னட்டை அவவின்ரை படம் ஒண்டும் இல்லை. அல்பம் எல்லாம் வீட்டிலை. கணக்கைத் தூக்கினதாலை அதைத் தூக்கேலாமப் போச்சு. வீடும் இப்ப இல்லையாம்." குறை சொல்லும் குரல் அல்ல. நடந்ததைச் சொன்னான்.

"இது உன்னட்டையே இருக்கட்டும்" என்றேன்.

"அந்த இருபத்துமூண்டு?"

"உன்ரைதான் சரி. நான்தான் பிழை விட்டனான்."

"எனக்குத் தெரியும். சரிபார்க்க அவ இல்லையெண்டு ஒவ்வொண்டையும் மூண்டு தரம் செய்தனான்." தாளைத் திருப்பித் தன் எழுத்தை ஒரு தடவை பார்த்தான். "இதை நான் வைச்சிருந்தால் உனக்குக் கணக்கு வேணுமே. கொப்பி பண்ணிப்போட்டியா?"

"ஓம்."

"எப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். "காலமை" என்றேன். "வர முதல்."

முப்பத்தொரு வரி. ஒரு குறியும் தவறக்கூடாது என்று ஆறுதலாக இருந்து எழுதினேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. மனைவியின் படம் ஒன்றுகூட இல்லாமல் ஒருவன் கொட்டாஞ்சேனையில் இருந்தது எனக்குத் தெரியாது. அவள் இறந்தது தெரியும். தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்து எழுதினேன்.

அவன் தலையை ஆட்டினான். தாளை மடிக்காமல் கையில் பிடித்தபடி எழும்பி, பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதானவரிடம் போனான். "அய்யா, இவதான் என்ரை மனுசி" என்று காட்டினான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில் என்று ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினான். அவர்கள் வாங்கிப் பார்த்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவ, எந்த ஊர் என்று கேட்டார்கள். அவன் பதில் சொன்னான். ஒருவர் என் பக்கம் திரும்பி, இவர் ஆர் என்று கேட்டார். என் நண்பன் தாளை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனான்.